ஹாட்பாட் நம் வீட்டுக்குச் சரிப்படுமா? மூணாற்றுப் பனியில் ஒரு பானை, பதினோரு பேர்

கேள்வி, டிசம்பர் 4 (கம்பத்திலிருந்து ஒரு வாசகர்)

மூணாறு, தேவிகுளம் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். பனிக்காலத்தில் நடுவில் ஒரு பானையைக் கொதிக்க வைத்து, சுற்றி உட்கார்ந்து, காயும் கறியும் அதில் போட்டு வேகவேக எடுத்துச் சாப்பிடுகிறார்களே, ஹாட்பாட், அது நம் வீடுகளுக்குச் சரிப்படுமா? எனக்குத் தோன்றுவது, சரிப்படாது. ஒரே பானையில் எல்லோரும் கரண்டி விட்டால் எச்சில். ஒருவர் சைவம், ஒருவர் மாலை போட்டிருக்கிறார், ஒருவருக்குக் காரம் ஆகாது. இதில் தீம் வேறு வைக்க வேண்டுமாம். விடுமுறைக்கு மூணாற்றில் அக்கா வீட்டுக்குப் போகிறோம், பிள்ளைகள் இப்போதே அடம் பிடிக்கிறார்கள்.

டிசம்பர் 4, இரவு

சரிப்படும். மூன்று குளிர்காலமாக எங்கள் வீட்டில் நடக்கிறது. அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள், அப்பத்தா, அக்கம்பக்கம் எல்லாம் சேர்த்து பதினோரு பேர் வரை உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். மதினியிடம் ஹாட்பாட் வைக்கலாமா என்று கேட்டபோது சப்பாத்தி போட்டு மூடி வைக்கும் டப்பாவைக் கழுவி எடுத்து வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் இதை ஸ்டீம்போட் என்பார், அங்கேயும் மலேசியாவிலும் அதுதான் பெயர். சீனத்தில் ஹூவோ குவோ. அதற்குப் பொருள் நெருப்புச் சட்டி. அப்பத்தாவிடம் அதைச் சொன்னேன், தீச்சட்டி என்றால் வீரபாண்டி மாரியம்மனுக்கு எடுப்பது, அந்தப் பெயரைச் சாப்பாட்டுக்கு வைக்காதே என்று விட்டார். ஆகவே எங்கள் வீட்டில் அது வெறும் 'பானை'. "ஞாயிற்றுக்கிழமை பானை உண்டா?" என்று கேட்டால் இதுதான்.

எச்சில் விஷயம் உண்மையான கேள்வி. அப்பத்தா முதல் வருடம் இதற்காகவே தள்ளி உட்கார்ந்து தனியாக ரசம் சோறு சாப்பிட்டார். நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: பானைக்குள் யார் கரண்டியும் போகாது. நீளக் காம்புள்ள ஒரே அகப்பை, ஓட்டை போட்ட ஒரு கரண்டி, பச்சைக் கறி போட மட்டும் ஓர் இடுக்கி. வாயில் வைத்தது எதுவும் பானைக்குத் திரும்பாது. பச்சைக் கறி தொட்ட இடுக்கியால் வெந்ததை எடுக்கக் கூடாது என்பது சுகாதாரத்துக்கும் பொருந்துகிற விதி.

இரண்டாம் வருடம் அப்பத்தாவே அகப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார். இப்போது அவர்தான் எல்லோர் கிண்ணத்திலும் ஊற்றுகிறார்.

டிசம்பர் 5

தீம் பற்றி எழுத மறந்துவிட்டேன். இணையத்தில் பார்த்தால் விளக்குத் தோரணம், ஒரே நிறத் துணி, காகிதப் பூ என்று போகிறது. மேசையில் ஏற்கெனவே கொதிக்கும் பானை இருக்கும்போது காகிதத்தைப் பக்கத்தில் வைப்பதே ஆபத்து, அதனால் எனக்கு அதில் விருப்பம் இல்லை. தீம் என்பது சாறுதான். அன்றைக்கு யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன ஆகும் ஆகாது, கோவிலூர்ச் சந்தையில் அந்த வாரம் என்ன மலிவு, இவை மூன்றும் சேர்ந்து சாறு எது என்று முடிவு செய்துவிடும். கார்த்திகையில் அண்ணன் மாலை போட்டதும் வீடு முழுக்கச் சைவம், வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. ஆக இப்போது மண்டலப் பானை. கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டில் இஷ்டுப் பானை, இஷ்டு என்றால் தேங்காய்ப்பால் ஊற்றிய மலையாளத்து ஸ்டூ. அண்ணன் மலைக்குப் போய் வந்த பிறகு ஆட்டுக்கால். பொங்கல் முடிந்து கறி நாளில் குடல். பெயர் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த வாரம் முழுக்க அதே பேச்சு.

டிசம்பர் 7

மண்டலப் பானை எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் இல்லாமல் சாறு சப்பென்று இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீர், நன்றாகப் பழுத்த தக்காளி, இஞ்சி, தட்டிய மிளகு, சீரகம், கொத்தமல்லித் தண்டு. அதோடு காய்ந்த காளான் ஊறவைத்த தண்ணீர். மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பொட்டலம் ஷிட்டாக்கே கொண்டு வந்தார், ஒருவருக்கு ஒன்று கணக்கில் இரவே ஊறப்போட்டு, காளானை நறுக்கிப் போட்டு, அந்தத் தண்ணீரையும் ஊற்றினால் சாறு கனத்துவிடுகிறது. ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியலாளர் 1908ல் கொம்பு என்ற கடல்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்து அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். பழுத்த தக்காளியிலும் அதே பொருள் நிறைய உண்டு. ரசத்தில் தக்காளி கூடினால் ஏன் கூட ஒரு கரண்டி கேட்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முதல் வருடம் இதையே புளி ரசமாக வைத்துக் கெடுத்தேன். ரசம் கொதிக்கிறது, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டாயிற்று, நாற்பது நிமிடம் ஆகியும் கேரட் கடக் கடக். பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். காரணம் மலை. மூணாறு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும், இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. கம்பத்தில் வேகிற நேரத்தில் இங்கே வேகாது.

டிசம்பர் 8, காலை

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். இரவு படுத்தபின் யோசித்தேன். மலைதான் காரணம் என்றால் அதே கேரட் பருப்புத் தண்ணீரில் இருபது நிமிடத்தில் எப்படி வெந்தது? அப்போதும் நான் மூணாற்றில்தானே இருந்தேன். காரணம் பெரும்பாலும் புளி. புளிப்பு இருக்கும் தண்ணீரில் காயின் நார் இளகுவது தாமதமாகும். சாம்பாரில் காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்றுவோம், அம்மா அதை ஒரு நாளும் மாற்றிச் செய்ததில்லை, நான் காரணம் கேட்டதுமில்லை. உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான். ஆகவே ரசப் பானை வைக்கிறவர்கள் கிழங்கு வகையைக் குக்கரில் முக்கால் வேக்காடு வைத்துக்கொண்டு வந்து போடுங்கள். அல்லது புளியைக் கடைசியில் ஊற்றுங்கள். தக்காளியும் புளிப்புதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

டிசம்பர் 14

இதை எல்லோரும் கவனித்துப் படியுங்கள்.

பெய்ஜிங்கில் நடுவில் புகைக்குழாய் வைத்த செம்புப் பானையில் கரி போட்டுத்தான் ஆட்டுக்கறி வேகவைப்பார்கள். சாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தண்ணீர், இஞ்சி, வெங்காயத்தாள், அவ்வளவே. எள் அரைத்த விழுதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். 1903ல் தொடங்கிய துங்லைஷுன் என்ற கடை அதற்குப் பேர் பெற்றது. அதைப் படித்துவிட்டு இரண்டு வருடம் முன்பு நான் இரும்புக் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டு வந்தேன். வெளியே நல்ல பனி, சன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. ஒரு மணி நேரத்தில் மதினிக்குத் தலைவலி, சின்னவன் தூக்கம் வருகிறது என்று சாய்ந்தான், எனக்கும் நெற்றி கனத்தது. பக்கத்து வீட்டுச் சேட்டன் உள்ளே வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் கதவையும் சன்னலையும் திறந்து பிள்ளைகளை வெளியே தூக்கிப் போனார். கார்பன் மோனாக்சைடு. மணம் கிடையாது, நிறம் கிடையாது, சாதாரணத் தலைவலி மாதிரிதான் தொடங்கும். சின்னவனின் அந்த முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கரி அடுப்பு வீட்டுக்குள் வேண்டாம். சன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதே என்று கூட வேண்டாம். குளிர் காயக் கரிச்சட்டி வைத்துத் தூங்கவும் வேண்டாம்.

டிசம்பர் 15

அப்படியானால் எதில் வைப்பது என்கிறார்கள். எங்களிடம் இண்டக்ஷன் அடுப்பு, அடிப்பாகம் தட்டையான எவர்சில்வர்ப் பாத்திரம். மாலையில் மின்அழுத்தம் குறைந்தால் கொதி நின்றுவிடும். அதற்குத் துணையாக 5 கிலோ சிறு சிலிண்டரும் ஒற்றை அடுப்பும், சன்னலைத் திறந்து வைத்து. பித்தளைப் பாத்திரம் பார்க்க அழகு, ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளிச்சாறு கூடாது.

டிசம்பர் 21

மாலா என்கிற சிச்சுவான் காரப் பானை பற்றி ஒருவர் கேட்டார். மா என்றால் மரத்துப்போவது, லா என்றால் காரம். மரத்துப்போவதற்குக் காரணம் சிச்சுவான் மிளகு, பெயரில்தான் மிளகு, நம் இடுக்கி மிளகுக்கு உறவே இல்லை. அது எலுமிச்சை, நாரத்தை, வில்வம் குடும்பம். நம் கறிவேப்பிலையும் அதே குடும்பம். 2013ல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது, அதை உதட்டில் தடவினால் நொடிக்கு 50 தடவை அதிர்வது போன்ற உணர்வு வருகிறது என்று கண்டார்கள். சாப்பிட்டுப் பார்த்தால் சரியாகத்தான் அளந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

கொச்சியில் ஒரு கடையில் இதைச் சாப்பிட்டேன். நான்கு பேருக்கு ஒரு பானை, மேலே அரை அங்குலம் எண்ணெய், ஒன்றரை மணி நேரம்தான் உட்காரலாம் என்று பலகை. எழுந்திருங்கள் என்று கடிகாரத்தைக் காட்டிய பிறகு யாருக்குச் சாப்பாடு இறங்கும்? சண்டை போட்டவர்கள் கூட இரண்டு மணி நேரம் எதிரெதிரே உட்கார வேண்டியிருக்கிறதே, அதுதான் பானையால் எனக்குக் கிடைத்தது. அண்ணனும் நானும் நிலத்து வரப்புக்காக ஆறு மாதம் பேசாமல் இருந்தோம். முதல் பானை அன்று அவர் கேட்ட முதல் வார்த்தை, "காளான் வெந்துருச்சாடா?"

வீட்டில் நான் செய்வது இரட்டைப் பானை. நடுவில் தடுப்பு வைத்த பாத்திரத்துக்கு சீனத்தில் மாண்டரின் வாத்து ஜோடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் காரம், ஒரு பக்கம் சாதுவான சாறு. கம்பத்துக்காரர் கேட்ட "காரம் ஆகாது" என்பதற்கு அதுதான் விடை. ஆனால் சைவத்துக்கு அது விடை இல்லை, தடுப்பைத் தாண்டிச் சாறு தெறிக்கும். சைவத்துக்கு வேறு பானை, வேறு அடுப்பு, வேறு அகப்பை. இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. மாலை போட்டவர் "பரவாயில்லை" என்று சொன்னாலும் கூடாது.

டிசம்பர் 26

நேற்று பக்கத்து வீட்டில் இஷ்டுப் பானை. சேட்டன் வீட்டில் அவர்கள் கிறிஸ்துமஸ் காலைக்கு வைக்கும் இஷ்டுவையே கொஞ்சம் தண்ணீராக நீட்டி நடுவில் வைத்தார்கள். ஏலம், பட்டை, கிராம்பு, பச்சை மிளகாய், தேங்காயின் இரண்டாம் பால். கோழியைச் சிறு துண்டாக நறுக்கி, ஏற்கெனவே வேகவைத்து வைத்திருந்தார்கள், சேச்சி அதில் கறார்: பச்சைக் கோழியைப் பேச்சு சுவாரசியத்தில் பாதி வேக்காட்டில் எடுத்துத் தின்றுவிடுவார்கள், துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி தொட்டால்தான் கோழி பத்திரம், பேச்சு நடுவில் யார் அளக்கிறார்கள் என்றார். முதல் பாலைக் கடைசியில், தீயைக் குறைத்து ஊற்ற வேண்டும், தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். சாறு குறைந்த பிறகு ஆப்பத்தைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். அண்ணன் மாலையோடு இருப்பதால் எங்கள் வீட்டிலிருந்து அப்பத்தாவும் நானும் பிள்ளைகளும் மட்டும் போனோம், நாங்கள் நால்வருக்கும் காய் இஷ்டு தனியாக, புதுச் சட்டியில். கடையில் வாங்கின அன்றைய விலைச்சீட்டு கூட அதில் ஒட்டியிருந்தது.

டிசம்பர் 28

கம்பத்துக்காரர் எழுதியிருக்கிறார். அக்கா வீட்டில் வைத்தார்களாம், தக்காளிச் சாறு, பிள்ளைகள் நூடுல்ஸை முதலிலேயே கொட்டிவிட்டதால் சாறு முழுக்கக் கூழாகிவிட்டதாம். நான் வரிசை சொல்லாமல் விட்டதுதான் தவறு. கிழங்கு, கேரட், சோளம், காளான் முதலில். அடுத்து பனீர், காலிஃபிளவர், பீன்ஸ். கீரையும் முட்டைக்கோஸ் இலையும் சாப்பிடும் நொடியில். மாவுச்சத்து உள்ள எதுவும் கடைசியில்தான்.

கடைசி என்று சொன்னதால்: ஜப்பானில் பானைச் சாப்பாட்டை முடிக்கும் சுற்றுக்கு ஷிமே என்று பெயர், மிச்சச் சாற்றில் சோறோ நூடுல்ஸோ போட்டு முடிப்பார்கள். நாங்கள் பழைய சோற்றைப் போட்டு மசித்து, மிளகுத்தூள் தூவி, கஞ்சியாக்கிக் குடிக்கிறோம். அப்பத்தாவுக்குப் பல் இல்லை, மாலை முழுக்க எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர் காத்திருப்பது இந்தக் கஞ்சிக்குத்தான். எல்லாக் காயின் சாரமும் அதில்தான் இறங்கியிருக்கிறது. இனி அவர் கிண்ணத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 6

செண்டுவரைப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளை. அண்ணன் மலைக்குப் போய் மாலை கழற்றி வந்துவிட்டார், சாமி மறுபடி அண்ணன் ஆகிவிட்டார். பூண்டும் வீட்டுக்குள் வந்தாயிற்று. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பல் சின்னது, மணம் தூக்கல். ஆட்டுக்கால் சாற்றுக்கு ஒரு முழுப் பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டேன். குக்கரில் ஒரு மணி நேரம், பிறகு பானைக்கு.

பனி அழகாக இருக்கிறதே என்று திண்ணையில் வைக்கலாம் என்று நினைத்து, நண்பர் ஒருவரின் கையடக்க கேஸ் அடுப்பை வாங்கி வந்தோம், குப்பி மாட்டுகிற வகை. பத்து நிமிடத்தில் தீ நீலப் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. குப்பியில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன், அது பூஜ்ஜியம் டிகிரிக்குக் கிட்டே வந்தால் வாயுவாக மாறவே மறுக்கிறது. நண்பர் குப்பியை அடுப்புச் சூட்டில் காட்டப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன், வெடிக்கும். பெரிய பாத்திரத்தை அந்த அடுப்பில் வைத்துக் குப்பியையும் சேர்த்து மூடுவதும் அதே ஆபத்துதான். பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே வந்தோம்.

கறியை மெல்லியதாக அறுக்க ஒரு வழி: ஒன்றரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கல்லாகும் முன் எடுத்து, நாருக்குக் குறுக்கே அறுங்கள். காகிதம் போல வரும்.

ஜனவரி 17

நேற்று கறி நாள், குடல் பானை. கேட்டால் முகம் சுளிக்கிறவர்களுக்கு: இதற்காக உலகத்தில் பெயர் வாங்கியிருப்பதே சீனத்துச் சோங்சிங் ஊர்தான், ஆற்றங்கரைத் துறைமுகத்தில் உழைத்தவர்கள் மலிவாகக் கிடைத்த மாட்டுக் குடலைக் காரச்சாற்றில் வேகவைத்துத் தின்றதிலிருந்து வந்த பானை அது. அங்கே வாயில் வைக்கும் முன் சில நொடிகள்தான் முக்குவார்கள். நம் ஆட்டுக்குடலை அப்படிச் செய்ய முடியாது, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் கழுவி, குக்கரில் நன்றாக வேகவைத்த பிறகுதான் பானைக்கு. கழுவுவது அண்ணன் பொறுப்பு. வேறு யாரையும் அவர் தொடவிட மாட்டார்.

தொட்டுக்கொள்ள எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும். சீனர்களும் நல்லெண்ணெயில் பூண்டு போட்டுத்தான் தொட்டுக்கொள்கிறார்கள்.

ஜனவரி 18

அதையும் திருத்துகிறேன். இரண்டும் எள்தான், ஆனால் அவர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது, நிறம் கருத்து மணம் கூடுதலாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள். மச்சான் கொண்டு வந்த குப்பியை அப்பத்தா முகர்ந்து "காந்திப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் நல்லெண்ணெயே நிற்கிறது.

பிப்ரவரி 9

கம்பத்துக்காரர் மறுபடி கேட்கிறார், கம்பத்து வெயிலில் இது ஆகுமா என்று. பகலில் ஆகாது. மாசி பிறக்கும் முன் ஒரு ராத்திரி, மொட்டை மாடியில், புளியைக் கடைசியில் ஊற்றி, தக்காளி ரசப் பானையாக வையுங்கள். அங்கே தண்ணீர் எங்களுடையதை விடச் சூடாகக் கொதிக்கும், கேரட் சீக்கிரம் வெந்துவிடும், பிள்ளைகளை அதிக நேரம் காக்க வைக்க வேண்டாம். இங்கே இந்த ஞாயிறு கடைசிப் பானை. அப்பத்தா இன்று காலையே அகப்பையைக் கழுவி வெயிலில் காயப் போட்டிருக்கிறார்.